பாடும் உரிமை: தமிழகக் கிராமத் திருச்சபைகளில் தலித் பெண்களின் பாடற்குழு வரலாறு

நமது அலுவலகத்தில் ஒரு வழக்குக் கோப்பு இருக்கிறது. அதன் இணைப்புகளில் ஒன்று ஒரு நிழற்படம். ஒரே நிறச் சேலை உடுத்திய ஒன்பது பெண்கள் ஒரு சிற்றாலயத்தின் முன்வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் கையில் கஞ்சிரா. மற்றவர்கள் கைகளில் பாட்டு நோட்டுகள். கிறிஸ்து பிறப்புப் பண்டிகையன்று எடுக்கப்பட்ட படம் அது. அவர்களுள் ஒருவர் ஊராட்சித் தேர்தலில் பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் நின்று வென்றவர். அவருடைய சாதிச் சான்றிதழை ரத்துசெய்யக் கோரி எதிர்த்தரப்பு அளித்த மனுவில் இப்படமே முதன்மைச் சான்றாக வைக்கப்பட்டிருக்கிறது.

அதே பெண்ணின் தாயாருக்கு, ஒரு தலைமுறைக்கு முன்பு, அருகிலுள்ள பெரிய ஆலயத்தின் பாடற்குழுவில் இடம் மறுக்கப்பட்டது. குரலில் குறை சொல்லவில்லை. "உங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த மறுப்பிலிருந்துதான் படத்திலுள்ள சிற்றாலயமும் அதன் பாடற்குழுவும் பிறந்தன. ஆலயத்தில் அவள் தலித் என்பதால் பாட இடமில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் அவள் பாடுகிறாள் என்பதால் தலித் என்ற தகுதி இல்லை. இந்த இரட்டைப் பூட்டைப் புரிந்துகொள்ள, தலித் பெண்கள் திருச்சபையில் பாடத் தொடங்கிய வரலாற்றையும் அதற்கு எழுந்த தடைகளையும் தொகுத்துப் பார்ப்பது அவசியமாகிறது. செயற்பாட்டாளர்களுக்கும் மாணவர்களுக்கும் பயன்படும் ஓர் அடிப்படைக் குறிப்பாக இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பாடற்குழு என்பது என்ன?

ஆலயத்தில் எல்லோரும் பாடலாம். ஆனால் எல்லோரும் பாடற்குழு அல்லர். பாடற்குழுவுக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. முதலாவது, இடம்: பீடத்தின் அருகே, சபையார் பார்வையில் படும் ஓர் இருக்கை வரிசை. இரண்டாவது, அதிகாரம்: எந்தப் பாட்டை எப்போது எந்த மெட்டில் எடுப்பது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு. மூன்றாவது, கருவி: ஆர்மோனியப் பெட்டி, ஆர்கன், இன்று கீபோர்டு ஆகியவற்றைத் தொடும் உரிமை. இடம், அதிகாரம், கருவி ஆகிய மூன்றும் தீண்டாமை செயல்படும் களங்களே. குளத்தில் படித்துறை எப்படியோ, கோயிலில் கருவறை எப்படியோ, அப்படியே ஆலயத்தில் பாடற்குழு வரிசை. இதனால்தான் "பாட்டுப் பாடுவதில் என்ன பிரச்சினை?" என்று எளிதாகக் கேட்டுவிட்டுக் கடந்து செல்ல முடிவதில்லை.

தரங்கம்பாடி முதல் தஞ்சாவூர் வரை

1706 ஜூலையில் சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கியதோடு தமிழகத்தின் சீர்திருத்தத் திருச்சபை வரலாறு தொடங்குகிறது. அவர்கள் லூத்தரன் மரபைச் சேர்ந்தவர்கள். சபையார் அனைவரும் தம் தாய்மொழியில் பாடுவது அம்மரபின் உயிர்நாடி. ஜெர்மானிய ஞானப்பாட்டுகள் அவற்றின் மெட்டு மாறாமல் தமிழாக்கப்பட்டன. பெண் பிள்ளைகளுக்கெனத் தொடக்கத்திலேயே பள்ளியும் நடத்தப்பட்டது. பாடல்களை மனப்பாடம் செய்வது அக்காலப் பள்ளிக் கல்வியின் ஒரு பகுதி. ஆகவே, தமிழ்ப் பெண்கள் திருச்சபைப் பாடலைக் குழுவாகப் பயின்றதன் முதல் தடயத்தை அங்கேயே தேட வேண்டும்.

ஆனால் அந்த ஆலயத்திலும் வெள்ளாளரும் பறையரும் தனித்தனியே அமர்ந்தார்கள். பாட்டு ஒன்று; பாய் இரண்டு. சாதியை "உலக வழக்கம்" என்று ஒதுக்கிவைத்த தொடக்ககால மிஷனரிகளின் சமரசம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்தது.

இச்சமரசம் உடைந்தபோது இசையும் சேர்ந்தே சர்ச்சைக்குள்ளானது. தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக இசையிலும் கும்மி, குறவஞ்சி போன்ற சிற்றிலக்கிய வடிவங்களிலும் கிறித்தவப் பாடல்களை ஏராளமாக இயற்றியவர். பின்னர் வந்த இளைய மிஷனரிகளின்மீது அவர் சுமத்திய குற்றச்சாட்டுகள் நான்கு: வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றினார்கள், எல்லாச் சாதியாரையும் ஒன்றாக அமரும்படி கட்டாயப்படுத்தினார்கள், பண்டிகைகளிலும் திருமணங்களிலும் பூமாலைகளைத் தடுத்தார்கள், ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனைகளை நிறுத்தினார்கள். தமிழிசைக்காகக் குரல் கொடுத்த அதே வாய் சாதி வரிசைக்காகவும் குரல் கொடுத்தது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே விலகினர்.

இந்நிகழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் முக்கியமானது. மேலைநாட்டு இசை என்றால் அடிமைத்தனம், தமிழிசை என்றால் விடுதலை என்ற எளிய சூத்திரம் தலித் வரலாற்றுக்குப் பொருந்தாது. எந்த இசை என்று கேட்பதற்கு முன்னால், அந்த இசையை யார் யாருடன் உட்கார்ந்து பாடினார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அடிமைப் பெண்களும் பாட்டுப் பள்ளியும்

தென் திருவிதாங்கூரின் கதை வேறு வகையானது. மைலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம் சாம்பவர் சமூகத்தில் பிறந்தவர். அவருடைய அழைப்பின் தொடர்ச்சியாகவே 1806இல் ரிங்கல்தோபே அங்கு சென்றார். ஒரு தலித்தின் முன்முயற்சியால் அமைந்த சபை அது. பின்னர் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் பெண்களுக்கான விடுதிப் பள்ளியை நடத்தி, லேஸ் பின்னலையும் கற்றுக்கொடுத்தார். லேஸ் விற்ற வருமானத்திலிருந்து சில அடிமைப் பெண்கள் தம் விடுதலைக்கான தொகையைச் செலுத்தினர் என்று மிஷன் வரலாறுகள் பதிவுசெய்கின்றன. பிரிட்டிஷ் இந்தியாவில் 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறையைச் செல்லாததாக்கியது. திருவிதாங்கூரில் அரச ஆணை 1855இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஓர் அடிமைப் பெண் ஒரு கூடத்தில் மற்றவர்களோடு அமர்ந்து, புத்தகத்தைப் பார்த்து, வாய் திறந்து பாடினாள் என்பதே சமூக ஒழுங்குக்கு எதிரான செயலாக இருந்தது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆற்காடு, செங்கல்பட்டு, மதுரை வட்டாரங்களில் சேரி சேரியாகத் திருச்சபையில் சேரும் இயக்கம் வலுப்பெற்றது. 1853இல் தொடங்கப்பட்ட அமெரிக்க ஆற்காடு மிஷன் கிராமங்களை மையமாகக் கொண்டு இயங்கியது. 1876–78 பெரும் பஞ்சத்திற்குப் பின் சேர்ந்தோர் எண்ணிக்கை மேலும் உயர்ந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். திருமுழுக்குப் பெறுவதற்குக் கர்த்தரின் ஜெபமும் விசுவாசப் பிரமாணமும் பத்துக் கட்டளைகளும் மனப்பாடமாகத் தெரிய வேண்டும். பகலெல்லாம் வயலில் நின்ற பெண்களுக்கு இரவில்தான் நேரம். உபதேசியார் ஒரு வரியைச் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொல்லும் முறையே கற்பித்தலின் வழியாயிற்று. நாற்று நடுகையில் ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் நடவுப் பாட்டின் அமைப்பும் இதுவே. ஆகவே, குழுவாகப் பாடும் திறனை மிஷன்தான் இப்பெண்களுக்குக் கொடுத்தது என்று சொல்வது பிழை. நடவு, தாலாட்டு, கும்மி, ஒப்பாரி ஆகியவற்றில் தலைமுறைகளாகப் பயின்ற திறனை அவர்கள் ஆலயத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஆலயம் அவர்களுக்குக் கொடுத்தது புத்தகமும், ஓய்வுநாள் என்ற ஒரு நாளும், கூலிக்காக அல்லாமல் கூடி நிற்கும் ஓர் இடமுமே. அவை மூன்றும் சிறிய கொடைகள் அல்ல.

வீடு வீடாகச் சென்று வேதம் வாசித்துக் காட்டிய வேதாகமப் பெண்கள் இவ்வரலாற்றில் தனி இடம் பெறுபவர்கள். ஆண் உபதேசியார் நுழைய முடியாத வீடுகளுக்குள் அவர்கள் பாட்டைக் கொண்டுசென்றார்கள். பிற்காலத்தில் தென்னிந்தியத் திருச்சபையின் கிராமச் சபைகளில் பெண்கள் ஐக்கிய சங்கங்கள் உருவானபோது, அவற்றின் கூட்டங்களே பல ஊர்களில் பெண்கள் பாடற்குழுவின் பயிற்சிக் களமாக அமைந்தன.

கத்தோலிக்கக் கிராமங்கள்: லத்தீனின் நிழலில்

கத்தோலிக்கத் திருச்சபையில் நிலைமை வேறு. அங்கே திருப்பலி 1960கள் வரை லத்தீன் மொழியில் நடந்தது. அதற்கும் மேலாக, 1903இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் திரு இசை குறித்து வெளியிட்ட ஆணை, பாடகர் பணி ஒரு வழிபாட்டுப் பணி, ஆகவே அதில் பெண்கள் இடம்பெற இயலாது என்று கூறியது. 1955இல் பன்னிரண்டாம் பயஸ் இதைச் சற்றே தளர்த்தினார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு வாயில் திறந்தது. 1967இல் வெளியான திரு இசை பற்றிய அறிவுரை, பெண்கள் மட்டுமே கொண்ட பாடற்குழுவும் அமையலாம் என ஏற்றது. அதாவது, கத்தோலிக்கக் கிராமங்களில் பெண்கள் பாடற்குழுவுக்கு முறையான வரலாறு அறுபது ஆண்டுகளை ஒட்டியதே.

எனினும் திருப்பலிக்கு வெளியே பெண்கள் பாடாமல் இருந்ததில்லை. தவக்காலத்தில் பாடுகளை நினைத்துப் பாடும் பாடல்கள், மகனை இழந்த மரியாளின் குரலில் எடுக்கும் ஒப்பாரி, செபமாலைப் பாடல்கள், சப்பரத்தின் பின்னால் பாடிச் செல்லும் பவனிப் பாட்டுகள் என ஒரு பெரும் மரபு அவர்களிடம் இருந்தது. குறிப்பாக, புனித வெள்ளியின் ஒப்பாரியில் சேரிப் பெண்களின் அனுபவம் நேரடியாகப் பேசியது. அநியாயமாகக் கொல்லப்பட்ட மகனுக்காக அழும் தாயின் சொற்கள் அவர்களுக்குக் கற்பிக்கப்பட வேண்டியவையாக இருக்கவில்லை.

ஆலயத்தின் கட்டடமே சாதியைச் சுமந்த ஊர்களும் உண்டு. நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தின் திருக்குடும்ப ஆலயம் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. 19ஆம் நூற்றாண்டில் எழுந்த அவ்வாலயத்தில் வெள்ளாளர் முதலிய சாதியினருக்கு ஒரு கூடமும், நாடார் உள்ளிட்ட மற்றவர்களுக்கு வேறொரு கூடமும் இருந்தன. இடையில் தடுப்புச் சுவர். 1910இல் பங்குத்தந்தை கௌசானல் அதை அகற்றினார். அதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. மைக்கேல் பிள்ளை எதிர் பார்த்தே என்று அறியப்படும் அவ்வழக்கில், ஆலயத்தின் ஒரு பகுதியைத் தம் சாதிக்கு மட்டும் ஒதுக்கிக் கேட்டவர்களின் கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. அரசமைப்புச் சட்டம் வருவதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்த தீர்ப்பு இது. நீதிமன்றத்தில் சுவர் தோற்றது. ஆனால் சுவர் இல்லாமலே பிரித்து வைக்கும் வழிகளை ஊர்கள் கற்றுக்கொண்டன.

பெட்டியும் பறையும்

1853இல் மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்ட் வெப் கிறித்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். சபையார் வழிபாட்டில் தமிழ்க் கீர்த்தனை நிலைபெற்றதில் இத்தொகுப்புக்குப் பெரும் பங்கு உண்டு. 20ஆம் நூற்றாண்டில் போப்லி போன்றோர் இந்திய இசையைத் திருச்சபைக்குள் மேலும் வளர்த்தெடுத்தனர். பாமாலையும் கீர்த்தனையும் இன்று வரை தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைகளின் இரு கண்கள்.

ஆனால் இரண்டிலும் ஒரு வாயில்காப்போன் இருக்கிறான். பாமாலையை நான்கு குரலில் பாட மேலைநாட்டு இசைக்குறிப்பு தெரிய வேண்டும். அதற்கு நகர்ப்புறப் பள்ளியும் ஆர்கனும் வேண்டும். கீர்த்தனையைச் சுத்தமாகப் பாட இராகமும் தாளமும் பயில வேண்டும். அதற்கு ஆசிரியரும் நேரமும் வேண்டும். காலை ஆறு மணிக்குக் களையெடுக்கச் செல்லும் பெண்ணுக்கு இவ்விரண்டும் எட்டாதவை. எனவே "சுருதி சேரவில்லை", "உச்சரிப்பு சரியில்லை" என்ற தீர்ப்புகள் இசைத் தீர்ப்புகளைப் போலத் தோன்றினாலும், பல சமயங்களில் சமூகத் தீர்ப்புகளாகவே இருந்திருக்கின்றன.

இதை வெளிப்படையாகக் கேள்விக்குட்படுத்தியவர் மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005). "பரட்டை" என்ற பெயரில் மக்களிடம் அறியப்பட்ட அவர், கிராமத்து மெட்டுகளிலும் பேச்சுத் தமிழிலும் பாடல்களை மட்டுமல்ல, ஒரு வழிபாட்டு முறையையே இயற்றினார். அவருடைய வாதம் எளிது: எழுத்தும் கருவியும் இல்லாதவர்களும் கேட்டவுடன் கற்று, தம் தேவைக்கேற்ப மாற்றிப் பாடக்கூடிய இசையே ஒடுக்கப்பட்டவர்களின் இறையியலைச் சுமக்க முடியும். "ஒரே உலை" என்று அவர் வலியுறுத்திய சமபந்திக் கருத்தும் இதோடு சேர்ந்ததே. சேர்ந்து சமைத்து உண்பதும் சேர்ந்து பாடுவதும் அவருக்கு ஒரே செயலின் இரு பக்கங்கள். இவருடைய பணியை இசை ஆய்வாளர் சோயி ஷெரினியன் 2014இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

கருவிகளின் கதையில் பறைக்குத் தனி இடம் உண்டு. சாவுக்கும் சாதித் தொண்டுக்கும் உரியதாகக் கருதி இழிவுபடுத்தப்பட்ட பறையைக் கிறித்தவர்களான பின் பல குடும்பங்கள் கைவிட்டன. அது சுயமரியாதைக்கான முடிவு. அதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. பின்வந்த தலைமுறை அதே பறையைச் சுயமரியாதையின் பெயரால் மீட்டெடுத்தது. திண்டுக்கல்லில் கத்தோலிக்கக் கன்னியர் தொடங்கிய சக்தி கலைக்குழு, ஆண்களின் கருவியாக மட்டுமே இருந்த பறையைத் தலித் இளம்பெண்களின் கைகளில் கொடுத்தது. பாடற்குழு வரிசையில் இடம் கேட்டு நின்ற பெண்களின் பேத்திகள் வீதியில் தம் வரிசையைத் தாமே அமைத்துக்கொண்டார்கள் என்று இதைச் சொல்லலாம்.

விலக்கு எப்படி நடக்கிறது?

தமிழகக் கத்தோலிக்கரில் பாதிக்கும் மேற்பட்டோர் தலித்துகள். ஆயினும் தேர், கல்லறை, பங்குப் பேரவை, பாடற்குழு, பீடச் சிறார் ஆகியவற்றில் சம உரிமை கேட்டுப் போராட வேண்டிய நிலை தொடர்கிறது. 2008 மார்ச்சில் விழுப்புரம் வட்டாரத்து எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கருக்கும் வன்னியக் கத்தோலிக்கருக்கும் இடையிலான மோதல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. இரு உயிர்கள் பலியாயின. கும்பகோணம் மறைமாவட்டத்தின் கோட்டப்பாளையம் பங்கில் சாதிப் பாகுபாடு நிலவுவதாகத் தொடரப்பட்ட வழக்கில் 2025இல் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை அனுப்பியது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. சீர்திருத்தத் திருச்சபைகளும் இதற்கு விலக்கல்ல. அங்கே சாதி சேகரத் தேர்தல்களிலும் திருமண்டலப் பதவிகளிலும் பேசுகிறது. ஆலய வரிசையில் அது மௌனமாக இருக்கிறது.

நேர்காணல்களில் நாம் மீண்டும் மீண்டும் கேட்கும் உத்திகள் இவை: பயிற்சி நேரத்தை ஊர்த்தெருவிலுள்ள ஒரு வீட்டில் வைப்பது, சீருடைச் சேலைக்குக் கட்ட முடியாத தொகை நிர்ணயிப்பது, திருவிழாவின் பத்து நாட்களில் கொடியேற்றத்தையும் கடைசி நாளையும் ஊராருக்கு ஒதுக்கிவிட்டு, இடையில் ஒரு நாளைக் "காலனிப் பிள்ளைகளுக்கு" என்று தருவது, மார்கழியில் வீடு வீடாகப் பாடிச் செல்லும் கேரல் குழு காலனிக்குள் நுழையாமலே திரும்புவது. எழுத்தில் ஒரு தடையும் இருக்காது. கேட்டால், "அது அப்படித்தான் வழக்கம்" என்பார்கள்.

தலித் குடியிருப்புகளின் சொந்தப் பாடற்குழுக்களிலும் கேள்விகள் உண்டு. பெண்கள் பாடுவார்கள், ஆர்மோனியமும் கீபோர்டும் பெரும்பாலும் ஓர் ஆணின் கையில் இருக்கும். தரை கூட்டுவதும் விரிப்பு விரிப்பதும் அசனத்துக்குச் சமைப்பதும் பாடும் பெண்களின் பொறுப்பாகவே இருக்கும். பறையர், பள்ளர், அருந்ததியர் என்ற பிரிவுகள் பாட்டு வரிசையிலும் நிழலாடுவதை நாம் மறைக்க வேண்டியதில்லை. தென்னிந்தியத் திருச்சபையில் 1976இல் முதன்முதலாக ஒரு பெண் குருவானவராக அபிஷேகம் பெற்றார். 2013இல் நந்தியால் பேராயராகப் புஷ்ப லலிதா பொறுப்பேற்றார். மேலே திறந்த கதவு கீழே, கிராமச் சபையின் கமிட்டி மேசை வரை, இன்னும் முழுமையாகத் திறக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் ஒரு பயனுள்ள செய்தி. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, தீண்டாமையின் அடிப்படையில் "எந்த நபரையும்" பொது வழிபாட்டிடத்தில் நுழையவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. அதே மதத்தைச் சார்ந்த மற்றவர்களுக்கு உள்ள அதே முறையிலும் அளவிலும் வழிபடுவதையும், சமயச் சடங்குப் பணி செய்வதையும் தடுப்பதும் அதன்படி குற்றமே. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும், 100 முதல் 500 ரூபாய் வரை அபராதமும். இப்பிரிவின் பாதுகாப்பு பட்டியல் சாதிச் சான்றிதழ் வைத்திருப்போருக்கு மட்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பாடற்குழுவில் பாடுவது ஒரு வழிபாட்டுப் பணி என்று திருச்சபையின் ஆவணங்களே கூறுவதால், சாதியின் பேரில் அதை மறுப்பது இப்பிரிவின்கீழ் வரும் என்பது நமது வாதம்.

தடை எங்கே வருகிறது என்றால், மெய்ப்பிப்பதில். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், அச்செயல் தீண்டாமையின் அடிப்படையில் நடந்தது என்று 12ஆம் பிரிவின்படி நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளும். தலித் கிறித்தவருக்கு அந்த ஊகம் கிடைக்காது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் மட்டுமே பாதுகாக்கிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வழிபாட்டிடத் தடை தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டும், தலித் கிறித்தவப் பெண்ணுக்கு அது உதவவில்லை.

இதன் வேர் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி. இந்து மதத்தைத் தவிர்த்த வேறு மதத்தினர் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது அது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இஸ்லாமியரும் இன்றும் வெளியே நிற்கின்றனர். தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித் கிறித்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகின்றனர். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அளித்த அறிக்கையில் பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்கப் பரிந்துரைத்தது. 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் இக்கேள்வி வழக்காக இருக்கிறது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் புதிய ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறித்தவருக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது.

சான்றிதழ் வழக்குகளில் நீதிமன்றங்கள் இரு குரலில் பேசியிருக்கின்றன. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம், கிறித்தவரை மணந்து ஆலயத்துக்குச் சென்ற ஒரு பெண் மருத்துவரின் சான்றிதழை ரத்துசெய்தது தவறு என்றது. ஆலயத்துக்குப் போவதாலேயே ஒருவர் தம் பிறப்பு நம்பிக்கையைக் கைவிட்டார் என்று கொள்ள முடியாது என்பது அதன் நிலைப்பாடு. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், திருமுழுக்கையும் தொடர்ந்து ஆலயம் செல்வதையும் கணக்கிலெடுத்து, பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரியதை அரசமைப்பின் மீதான மோசடி என்று கடுமையாகச் சாடியது. இந்த இரண்டாவது தீர்ப்புக்குப் பிறகு, பாடற்குழு நிழற்படங்கள் மனுக்களின் இணைப்புகளாக மாறுவது வியப்பல்ல.

பாட்டு நோட்டு ஏன் சான்றாகிறது?

சூசை எதிர் இந்திய ஒன்றியம் (1985) வழக்கை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். சென்னையில் செருப்புத் தைத்து வாழ்ந்த ஓர் ஆதிதிராவிடக் கிறித்தவர், இந்துவான சக தொழிலாளருக்கு இலவசமாகக் கிடைத்த பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்காடினார். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. அதன் கொடுமையும் ஊனமும் புதிய சமூகத்திலும் அதே கடுமையோடு தொடர்கின்றன என்பதைத் தக்க சான்றுகளோடு நிறுவ வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அத்தகைய சான்றுகள் முன்வைக்கப்படவில்லை என்று கூறி மனுவைத் தள்ளுபடி செய்தது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சான்றுத் தொகுப்பு நம்மிடம் முழுமையாக இல்லை. பெண்கள் பாடற்குழுவின் வரலாறு இங்கேதான் சட்டத்தைச் சந்திக்கிறது. யார் பாடினார்கள், யார் பாட விடப்படவில்லை, எந்த நாள் யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பன திருச்சபைக்குள் தீண்டாமை செயல்படும் விதத்துக்கு நாள், இடம், பெயரோடு கூடிய சான்றுகள். ஆகவே இளம் ஆய்வாளர்களிடம் சில பணிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று: அறுபது வயதைத் தாண்டிய பெண்களின் வாய்மொழி வரலாற்றை முதலில் பதிவுசெய்யுங்கள். பாடலை மட்டும் கேட்காமல், அதை எங்கே, யாருடன், எந்த வரிசையில் நின்று பாடினார்கள் என்றும் கேளுங்கள்.

இரண்டு: திருவிழா அழைப்பிதழ்களைச் சேகரியுங்கள். ஒவ்வொரு நாள் வழிபாட்டின் பொறுப்பும் யாருக்கு என்பது அவற்றில் அச்சாகியிருக்கும். இருபது ஆண்டு அழைப்பிதழ்களை வரிசையாக வைத்தால் ஊரின் சாதி வரைபடம் கிடைத்துவிடும்.

மூன்று: கைப்பிரதிப் பாட்டு நோட்டுகளை நகலெடுத்துவிட்டு, மூலத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுங்கள். அவை அப்பெண்களின் படைப்பு. நமது கண்டெடுப்பு அல்ல.

நான்கு: பெயர்களையும் முகங்களையும் அவர்களின் தெளிவான ஒப்புதலின்றி வெளியிடாதீர்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்றும் பள்ளிச் சான்றிதழ்ப் பெயர் ஒன்றுமாக வாழும் குடும்பங்கள் பல. அந்த இரட்டை வாழ்வை ஏமாற்று என்று அழைப்பது எளிது. நம்பிக்கைக்கும் உரிமைக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடு என்று நிர்பந்திக்கும் சட்டமே அதை உருவாக்கியது என்பதை எடுத்துச் சொல்வது நமது கடமை.

திருச்சபைகளிடம் நமது கோரிக்கை நீளமானதல்ல. ஒவ்வொரு பங்கும் சேகரமும் தன் பாடற்குழு, வாசகர், பங்குப் பேரவை உறுப்பினர் பட்டியலைத் தெரு வாரியாக வெளியிடட்டும். சாதி இல்லை என்று பிரசங்கபீடத்திலிருந்து சொல்வதற்கு முன், அந்தப் பட்டியலே அதைச் சொல்லட்டும்.

நமது கோப்பிலுள்ள வழக்கு இன்னும் விசாரணையில் இருக்கிறது. கடைசியாகச் சந்தித்தபோது, வழக்கு முடியும் வரை பாடாமல் இருப்பது நல்லதா என்று அந்தப் பெண் நம்மிடம் கேட்டார். வழக்கறிஞராக என்ன அறிவுரை சொல்ல வேண்டும் என்பது நமக்குத் தெரியும். அதைச் சொல்ல நா எழவில்லை. அவரே சிறிது நேரம் கழித்துச் சொன்னார்: "எங்கம்மாவைப் பாட விடலைன்னுதான் இந்தக் கோயிலையே கட்டினோம். நான் பாடாம நின்னா, அவங்க சொன்னது சரின்னு ஆயிடும்." அடுத்த ஞாயிறும் அவர் பாடினார். சாதிச் சான்றிதழையும் பாட்டு நோட்டையும் ஒரே கையில் வைத்துக்கொள்ளும் உரிமைக்காகவே நாம் வாதாடுகிறோம்.